நான்காவது மேடு

மரம் மூன்றுதான். மேடு நான்கு இருந்தது.

பிகாஜான் காலை வெயிலில் தோட்டத்து நடுவே நின்று மறுபடி எண்ணினாள். உஸ்பெகிஸ்தானின் கொரெஸ்ம் பகுதியில் குளிருக்கு அத்தியை வளைத்துப் படுக்கவைத்து, பாய் போர்த்தி, மண் மூடி, வசந்தத்தில்தான் எழுப்புவார்கள். புதைப்பதும் இலை உதிர்ந்து, மரத்தில் பால் அடங்கிய பிறகுதான். இப்போது செப்டம்பர்கூட முடியவில்லை. தக்காளி இன்னும் செடியில் பழுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அவள் புருஷன் மத்யாகூப் திங்கட்கிழமை ரஷ்யாவுக்கு வேலைக்குப் போகிறான். அதனால்தான் இந்த அவசரம்.

"பால் அடங்காம பொதைச்சா மரம் தூங்காதும்பாங்க, ஹுல்கரோட அப்பா."

"தூங்கலன்னா தாலாட்டுப் பாடு. நான் போனப்புறம் நீ ஒண்டியா வளைச்சுக் கிழிச்சிடுவியாக்கும்!"

நேற்று மாலை அப்படித்தான் கேலி பேசினான். இரண்டு மரத்துக்குக் கூடவே மண் தள்ளிவிட்டு, ரொட்டி சுட அவள் அடுப்புக்குப் போய்விட்டாள். மூன்றாவதை அவன் தனியாக முடித்தான். உள்ளே வந்தவன் சாப்பிடவில்லை, பேசவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். ஊரைவிட்டுப் போகிற துக்கம் என்று நினைத்து அவளும் விட்டுவிட்டாள், பாவி.

மூன்றாவது மேடு உள்ளே ஒன்றும் இல்லாததுபோல் குழிந்து கிடந்தது. நான்காவது மேட்டின் மண் ஈரமாக இருந்தது, தொட்டால் வெதுவெதுவென்றிருந்தது, கிள்ளிய அத்திக்காயின் பச்சை வாடை அதிலிருந்து கிளம்பி அவள் மூக்கில் ஏறியது. காதை வைத்தாள். உள்ளே ஏதோ உரசியது.

வீட்டுக்குள்ளிருந்து மகள் ஹுல்கரின் குரல் கேட்டது. "அப்பா, உங்க கை ஏன் இப்படி சொரசொரன்னு இருக்கு?"



பிகாஜான் மண்ணைத் தோண்டினாள். நகம் பிய்ந்தது. பாய். பாய்க்கடியில் சட்டைப் பொத்தான். அப்புறம் மீசை. மத்யாகூப்பின் கண்கள் மண்ணோடு திறந்திருந்தன.

உதடு அசைந்தது. "பிகா... உள்ள புள்ளகூட யாரு?"

அவள் ஓடினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னலுக்கு ஓடினாள்.

மத்யாகூப்பின் முகத்தோடு உட்கார்ந்திருந்தவன் மடியில் ஹுல்கர் அண்ணாந்து கிடந்தாள். சிரித்தாள். வாயைத் திறந்தாள். அவன் தன் சுண்டுவிரலைப் பட்டென்று ஒடித்தான். ரத்தம் வரவில்லை. வெள்ளையாக, கெட்டியாக, அத்திப்பால் சொட்டுச் சொட்டாகக் குழந்தையின் வாயில் விழுந்தது.