நாற்பதாயிரம் டாலர் பிழை

வெள்ளிக்கிழமை காலை ஏழேகால் மணி.

துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன் ஓட்டிஸ் காப்பிப் பாத்திரத்தைக் கழுவி முடிப்பதற்குள் ரஸ்ஸல் ஆம்பிரிஸ்டர் உள்ளே வந்துவிட்டார். டேட்டன் ஹெரன்ஸ் பேஸ்பால் அணிக்குப் புது ஆட்டக்காரர்களை எடுப்பது அவர் பொறுப்பு. அணி மூன்று வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்பதே திட்டம் என்று ஊரில் பேச்சு. கடைசியில் நிற்பவர்களுக்குத்தான் இளம் ஆட்டக்காரர்களை முதலில் எடுக்கும் வாய்ப்பு கிடைக்கும்.

"எங்க ஆள் ஒருத்தன் எங்களக் காட்டிக் குடுத்துட்டான், மேடம்," என்றார், உட்காராமலே.

துப்பறிவாளர் ஹாரியட் பிங்கம் நாற்காலியைக் காட்டினார். "யாருகிட்ட?"

"பையனோட அப்பாகிட்ட. புதுப் பசங்களுக்கு வருஷத்துக்கு இவ்வளவுதான் செலவு பண்ணலாம்னு லீக் வரம்பு வச்சிருக்கு. அதனால முதல் சுற்றுல நட்சத்திரத்த விட்டுட்டு, கம்மியாக் கேட்டவன எடுத்தோம். நாலாவதுலேர்ந்து பத்தாவது சுற்று வரைக்கும் காலேஜ் கடைசி வருஷப் பசங்க. அவங்களுக்கு வேற வழி கிடையாது, பத்தாயிரம் டாலர்னாலே கையெழுத்துப் போட்டுருவாங்க. மிச்சம் பிடிச்சது பூரா ரெண்டாவது சுற்றுல எடுத்த வேட் ஹாலோவேக்கு. பதினெட்டு வயசு. பந்து எறிஞ்சான்னா காத்து கிழியும்."

"எவ்வளவுக்கு ஒத்துக்கிட்டான்?"

"இருபத்தஞ்சு லட்சம். நேத்து அவங்கப்பா க்ளைட் போன் பண்றார். முப்பது லட்சத்து நாப்பதாயிரம் குடு, இல்லன்னா பையன் காலேஜுக்குப் போறான்ங்கறார். 'உங்களால முடிஞ்சது அவ்வளவுதான். அதுக்கு மேல கேட்டு உங்க அடுத்த வருஷத் தேர்வ நான் கெடுக்க மாட்டேன்'னு நக்கல் வேற."

வரம்பைக் கொஞ்சம் மீறினால் அபராதத்தோடு போகும். அதையும் தாண்டினால் அடுத்த வருடத்து முதல் சுற்றுத் தேர்வு பறிபோகும். ஓட்டிஸுக்கே இது தெரியும்.

"உண்மையில உங்களால எவ்வளவு முடியும்?"

"அபராதம் கட்டத் துணிஞ்சா, முப்பது லட்சம்."

"அப்போ அவர் கணக்கு தப்பு."

"பேரத்துக்கு நாப்பதாயிரம் ஏத்தியிருப்பார். டிராக்டர் விக்கிற மனுஷன்! எங்க கணக்கு தெரிஞ்சவங்க மூணே பேர். நான், முதலாளி, ஊர் ஊராப் போய்ப் பசங்களப் பாக்கற எமில் கோவாரிக். எமில் க்ளைட் வீட்டுக்கே போய்ச் சாப்பிட்டுப் பழகினவன். மத்தியானம் அவன வேலைய விட்டு அனுப்பறேன். சாயங்காலம் அஞ்சு மணியோட கெடு முடியுது. வேட் கையெழுத்துப் போடலன்னா அவனுக்கு ஒதுக்கின பணமும் செல்லாது. மூணு வருஷம் தோத்ததும் வீண்."

"கடைசி வருஷப் பசங்க ஏழு பேருக்கும் பத்தாயிரம்தானா?"

"ஆறு பேருக்கு. ஒன்பதாவது சுற்று கேட்சர் ரேமண்ட் பாஷுக்கு மட்டும் அம்பதாயிரம். முட்டி ஆபரேஷன், ஆஸ்பத்திரிக் கடன்னு எமில் கெஞ்சினான். சரின்னுட்டேன். வாய் வார்த்தைதான். இன்னிக்குக் கையெழுத்துப் போட வரான்."

ஹாரியட் கோட்டை எடுத்துக்கொண்டார்.

காரில் ஓட்டிஸ் பொறுக்க மாட்டாமல் சொன்னான்: "எமில்தான் மேடம். எழுதி வச்சுக்குங்க."

"பென்சில்ல எழுது."

மைதான அலுவலகத்தில் எமில் கோவாரிக் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயிலில் கறுத்த கழுத்து. யாரையும் பார்க்கவில்லை.

"க்ளைட் எதுக்கு நாப்பதாயிரம் ஏத்தினார், ஓட்டிஸ்?" என்று கேட்டார் ஹாரியட்.

"டிராக்டர் புத்தி மேடம்."

"பேரம் பேசறவன் ஏத்திக் கேப்பான், சரி. ஆனா உங்க தேர்வக் கெடுக்க மாட்டேன்னும் சொல்றாரே. அவர் கேட்டதக் குடுத்தாலே அது கெட்டுருமே. குடுக்கவே முடியாததக் கேட்டு மகன் வாழ்க்கையோட எவன் விளையாடுவான்? அந்தத் தொகை சரின்னு அவர் மனசார நம்பறார்."

"அப்போ அத யார் சொன்னது?" என்றார் ஆம்பிரிஸ்டர்.

"நீங்கதான். லீக் வரம்பு பேப்பர்ல வருது. முதல் பையனுக்கும் மூணாவது பையனுக்கும் குடுத்ததும் வந்துச்சு. அப்புறம் வரிசையா ஏழு கடைசி வருஷப் பசங்க. அவங்க விலை இந்தத் தொழில்ல யாருக்குத் தெரியாது? கதவச் சாத்திட்டு ஜன்னல் வழியா ஏழு தடவ கத்தியிருக்கீங்க."

ஓட்டிஸ் விரல் விட்டு எண்ணினான். "ஏழு பேருக்கும் பத்தாயிரம்னு போட்டா... முப்பது லட்சத்து நாப்பதாயிரம் மிஞ்சும். ரேமண்டோட அம்பதாயிரம் க்ளைட்டுக்குத் தெரியாது!"

"எமிலுக்குத் தெரியும். கேட்டு வாங்கினதே அவர்தான். அவர் சொல்லியிருந்தா க்ளைட் முப்பது லட்சத்தோட நிறுத்தியிருப்பார்."

ஆம்பிரிஸ்டர் நெற்றியைத் தேய்த்தார். "மன்னிச்சிரு, எமில்."

"பரவால்ல."

"முப்பது லட்சம்னு காலையிலேயே க்ளைட்டக் கேட்டுப் பாத்துட்டேன். போன வச்சுட்டார்," என்றார் ஆம்பிரிஸ்டர்.

ஓட்டிஸின் மனம் தானாக மேலே கணக்குப் போட்டது. ரேமண்டுக்கும் பத்தாயிரம் என்றால் க்ளைட் கேட்டது அப்படியே கிடைக்கும். வேட் கையெழுத்திடுவான். அடுத்த வருடத் தேர்வும் பறிபோகாது. முதல்முறையாக, விடை தெரிந்ததில் அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை.

மேசையில் இருந்த போன் ஒலித்தது. ஆம்பிரிஸ்டர் கேட்டுவிட்டு வைத்தார்.

"ரேமண்ட் வந்துட்டான். அம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கானாம்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே புல்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். "அவனுக்கு வேற எந்த அணி இருக்கு, எமில்? பத்தாயிரம்னாலும் போட்டுருவான்."

எமில் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"போடுவான். ஆனா அம்பதாயிரம்னு அவங்க சமையல்கட்டுல உக்காந்து சொன்னது என் வாய். இப்போ கீழ போய் அந்தம்மாகிட்ட நான் என்னன்னு சொல்லட்டும், ரஸ்ஸல்?"