காய்ப்புப் போன கட்டைவிரல்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாசலில் நின்று செருப்பைக் கழற்றும்போதே அவன் காதில் அது விழுந்துவிட்டது. கூடத்து மின்விசிறியின் முனகலுக்கும், அடுக்களைக் குழாய் சொட்டுவதற்கும், மழை விட்ட தெருவில் டயர்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதற்கும் அடியில், சின்ன அறையின் மூடிய கதவுக்குப் பின்னால், ஒரு வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அவன் மருத்துவமனையில் காது பரிசோதனைப் பிரிவில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறவன். வருகிறவர்களைச் சத்தம் நுழையாத ஒரு பெட்டி அறையில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க, எவ்வளவு சின்னச் சத்தமா இருந்தாலும் தூக்குங்க" என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்வான். அந்தப் பெட்டியில் தனியாக உட்கார்ந்தால் நம் நாடி நமக்கே கேட்கும். சிலர் பயந்துபோய் வெளியே வந்துவிடுவார்கள்.

"இன்னைக்கும் சீக்கிரமே வந்துட்டீங்களா?" என்றாள் மனைவி, அடுக்களையிலிருந்து.

மெஷின் பழுதாகி ஐந்து மணிக்கே விட்டுவிட்டார்கள். இந்த ஒரு மாதமாக மற்ற நாட்களில் எட்டாகிவிடும். அவள் கேட்டதை அவன் அப்போது யோசிக்கவில்லை. சின்ன அறைக்குப் போய் விளக்கைப் போட்டான்.

மேஜைமேல் கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டி. உள்ளே நாற்பத்து மூன்று வாட்சுகள். மூன்று மாதமாக அவன் தொடாததால் நாற்பத்து மூன்றும் நின்றுபோயிருக்க வேண்டும். ஆனால் மூன்றாம் வரிசையில் கறுப்பு முகம் வைத்த ஒன்றின் விநாடி முள் வழுக்கிக்கொண்டு போனது. மணி சரியாக ஐந்து நாற்பது காட்டியது.

அது ஆட்டோமேட்டிக். சாவி கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் ஒரு மனிதக் கை வேண்டும். கை அசைய அசைய உள்ளே இருக்கும் தகடு சுற்றி ஸ்பிரிங்கை முறுக்கும். கழற்றி வைத்தால் நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஓடாது. அவன் அதைக் கடைசியாகக் கட்டியது பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில்.

எடுத்துத் திருப்பினான். பின்மூடி வெதுவெதுப்பாக இருந்தது. தோல்பட்டையின் உள்பக்கம் ஈரம். மூக்கருகே கொண்டுபோனான். வியர்வை. அவனுடைய வியர்வைதான். தன் சட்டையை முகர்ந்தால் எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது.

இருபத்திரண்டு வருஷம் இந்த வாட்சுகள்தான் அவனுக்கு உலகம். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பழைய சாமான் கடைகளில் சுற்றியிருக்கிறான். கல்யாணத்தன்று, சாட்சிக் கையெழுத்துப் போட வந்த பெண்வீட்டு மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "என்ன மாப்பிள்ளை, நாடி பார்க்கிறீங்களா? இன்னும் பத்து வருஷம் தாங்குவேனா?" என்று மாமா கேட்க, மண்டபமே சிரித்தது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் சாவி கொடுப்பான். வாட்சின் ஓரத்தில் இருக்கும் அந்தப் பொடித் திருகை உருட்டி உருட்டி வலது கட்டைவிரலின் ஓரம் காய்த்துக் கல்லாகியிருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏழாவது வாட்சைக் கையில் எடுத்தபோது, பாதித் திருகலில், எல்லாம் போய்விட்டது. கையில் இருந்தது கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் கண்ணாடி, ஒரு தோல் துண்டு. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல அந்தப் பழைய ஆசையைத் தேடிப் பார்த்தான். வழுவழுவென்று வெற்றிடம். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று மூடியைச் சாத்தினான்.

அதோடு நிற்கவில்லை. சாப்பாடு, மனைவியின் அலுவலகக் கதைகள், மகள் கொண்டுவந்து நீட்டும் ஓவியங்கள் என்று ஒவ்வொன்றாக அதே வெற்றிடத்தில் விழுந்தன. அப்புறம் பார்த்துக்கலாம். அப்புறம் பார்த்துக்கலாம்.

இதற்கு முன்னால் ஒரு தடவை இப்படி ஆகியிருக்கிறது. பத்தொன்பது வயதுவரை அவனுக்குத் தபால்தலைப் பைத்தியம். ஒருநாள் அது விட்டுப்போனது. ஆல்பங்களையும் இடுக்கியையும் பசைப்புட்டியையும் இப்போது இந்தச் சின்ன அறையில் நிற்கும் பீரோவின் அடித்தட்டில் தள்ளினான். அப்போது உள்ளே குத்துக்காலிட்டு உட்கார்ந்து யாரோ தன்னை நிமிர்ந்து பார்ப்பதுபோல இருந்தது. அன்றும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்றே சொல்லிப் பீரோ கதவைச் சாத்தினான். "ஒரே ராத்திரியில ஆளே மாறிட்டியேடா, இப்பத்தான் மூஞ்சியில களை வந்திருக்கு" என்று அம்மா சந்தோஷப்பட்டாள். அதற்கு முந்தைய வருஷங்களைப் பற்றி அம்மா சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தானாக எதுவும் நினைவில் இல்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டான். "என் வாட்சை யார் எடுத்தது?"

"நான் இல்லப்பா," என்றாள் மகள். பத்து வயது. வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். "நீதானே நேத்து எடுத்துக் கட்டிக்கிட்டே. அந்தக் கப்பல்காரர் வாட்ச் கதைகூடச் சொன்னியே. பாதியில விட்டுட்டே, இன்னைக்கு மீதி சொல்றேன்னு."

"நேத்தா? நேத்து நான் வரும்போது நீ தூங்கிட்டே."

"ஐயோ, ரொம்பத்தான்," என்று சிரித்தாள் மனைவி. "ஆறு மணிக்கே வந்து, பெட்டியைத் திறந்து வச்சுக்கிட்டு, அப்பாவும் பொண்ணும் அடிச்ச கூத்து எனக்குத்தானே தெரியும்? ஒரு மாசமா நல்லாத்தான் இருக்கீங்க. நடுவுல பேய் பிடிச்ச மாதிரி உம்முன்னு இருந்தீங்களே, எனக்கு எவ்வளவு பயமா இருந்துச்சு தெரியுமா? வாட்ச் பைத்தியமாவே இருங்க, பரவாயில்ல." பிறகு வாண்டுக்குக் கேட்காமல் குனிந்து, "பழைய கட்டைவிரலும் திரும்பி வந்துடுச்சு. நேத்து என் கன்னத்தைக் கிள்ளினீங்களே, அப்படியே உப்புத்தாள் மாதிரி," என்றாள்.

அவன் மேஜைக்கு அடியில் தன் கட்டைவிரலைத் தடவிப் பார்த்தான். காய்ப்பு உதிர்ந்து போயிருந்தது. குழந்தையின் தோல்போல மெத்தென்று இருந்தது.

ஒரு மாதமாக எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்ததை நினைத்துப் பார்த்தான். யாரும் தலை தூக்கிப் பார்த்ததில்லை. மேஜைமேல் அவனுக்கென்று தட்டு மூடி வைத்ததில்லை. கோபமாக இருக்கிறார்கள் போல என்று நினைத்துப் படுத்திருக்கிறான். அதிலும் அவனுக்கு அக்கறை இருக்கவில்லை.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனான். எல்லாவற்றையும் விற்றுத் தலைமுழுகிவிட வேண்டும். வாட்ச் இல்லாவிட்டால், அவன் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிற அது எதைக் கட்டிக்கொள்ளும்?

ரிப்பேர்காரரை எல்லோரும் லென்ஸ் அண்ணன் என்பார்கள். தூங்கும்போதும் கண்ணில் அந்தப் பூதக்கண்ணாடியைச் செருகியிருப்பார் என்று கேலி உண்டு.

"விக்கணும் அண்ணே. மொத்தமா."

"விளையாடாதீங்க தம்பி. முந்தாநாள் இதே ஸ்டூல்ல உட்கார்ந்து, விக்கிறதைப் பத்தி நான் பேசினா என் வாயைத் தைங்கன்னு சொன்னது யாரு? கறுப்பு முகத்துக்குப் புதுப் பட்டை போடச் சொல்லிட்டுப் போனீங்க. இதோ, ரெடி. உங்க கையை நீட்டுங்க, ஓட்டை சரியா விழுந்திருக்கான்னு பார்ப்போம்."

லென்ஸ் அண்ணன் பெட்டியிலிருந்து கறுப்பு முகத்தை எடுத்து அந்தப் பட்டையை மாட்ட, அவன் கையை நீட்டினான். பட்டை அவன் மணிக்கட்டைச் சுற்றித் தொளதொளவென்று தொங்கியது. லென்ஸ் அண்ணன் நெற்றியைச் சுருக்கினார். "அளவு எடுத்துத்தானே போட்டேன். முந்தாநாள் கச்சிதமா இருந்துச்சே." விரலை அவன் மணிக்கட்டின்மேல் வைத்தவர் சட்டென்று எடுத்துவிட்டார். ஜில்லென்ற எதையோ தொட்டதுபோலக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவன் "அண்ணே" என்றான். மறுபடியும் "அண்ணே" என்றான். அடுத்து வந்த பெண்மணி அவன் உட்கார்ந்திருந்த ஸ்டூலின்மேலேயே தன் பையை வைக்க வந்தாள். அவன் பட்டையிலிருந்து கையை உருவி, கறுப்பு முகத்தைக் கடை மேஜைமேலேயே விட்டுவிட்டு, பெட்டியோடு எழுந்துகொண்டான்.

அன்று வேலைக்குப் போகவில்லை. மருத்துவமனையிலிருந்து யாரும் போன் செய்து ஏன் என்று கேட்கவும் இல்லை.

வீட்டில் யாரும் இல்லை. நாலரை மணி. சின்ன அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு வாட்சின் திருகையும் வெளியே இழுத்துவிட்டான். திருகு வெளியே இருந்தால் முள் நகராது. பிறகு ஒரே ஒரு வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு, மனமாரக் கெஞ்சினான் என்றே சொல்ல வேண்டும். அவன் முதலில் வாங்கியது. வெள்ளி நிறம், ஆறு மணிக்கருகே ஒரு கீறல். இதற்காக எத்தனை நாள் நடந்தே வேலைக்குப் போனோம் என்று நினைவுபடுத்திக்கொண்டான். திருகை உள்ளே தள்ளி உருட்டினான். கர்ர்க், கர்ர்க். காதில் வைத்தான். முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். இப்போது அது குழாய் சொட்டும் சத்தம். வாண்டுவின் முகத்தை நினைத்தான். மனைவியின் முகத்தை நினைத்தான். தெரிந்தவர்கள். அவ்வளவுதான். அழுகை வந்தால்கூட நல்லது என்று காத்திருந்தான். வரவில்லை. ஆசையை நடிக்கலாம். வரவழைக்க முடியாது.

பயம் மட்டும் இருந்தது. அது ஒன்றுதான் அவனுடையதாக மிச்சம் இருந்தது.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தான். வெளிச்சம் தரையிலிருந்து சுவருக்கு ஏறி, சுவரிலிருந்து கழன்று போனது. மனைவியும் மகளும் வந்த சத்தம். புத்தகப் பை விழுந்த சத்தம். கூப்பிட வேண்டும் என்று நினைத்தான். நாக்கு அசையவில்லை.

ஆறு மணி.

வாசலில் பூட்டு திரும்பியது.

செருப்பு. முதலில் இடது. பிறகு வலது. அவன் கழற்றுவதுபோலவே. ஒரு சின்ன இருமல். அவனுடைய இருமல்.

"அப்பா!"

ஓடும் கால்கள். தூக்கிச் சுற்றும் சத்தம். வாண்டு கிறீச்சிட்டுச் சிரித்தாள். அவன் தூக்கிச் சுற்றி எத்தனை மாதம் ஆயிற்று?

"காபி போடட்டுமா?"

"போடு, போடு. அதுக்குள்ள கப்பல்காரரை முடிச்சுடறேன்."

அவன் குரல். ஆனால் அதில் உயிர் இருந்தது.

நடை நெருங்கியது. ஒவ்வொரு காலடிக்கும் நடுவே இன்னொரு சத்தம். டிக். டிக். டிக். கறுப்பு முகம். புதுப் பட்டை. கதவு திறந்தது. விளக்கு எரிந்தது.

அவன் முகம். கொஞ்சம் சதைப்பிடிப்போடு. நன்றாகத் தூங்கி எழுந்த முகம். அந்தக் கண்கள் அவன்மேல் நின்றன. அதில் கோபம் இல்லை. ஆச்சரியம்கூட இல்லை. அந்தப் பார்வையை அவனுக்குத் தெரியும். ஏழாவது வாட்சை அவன் பார்த்த பார்வை அது.

"அப்பா, நாற்காலியில என்ன இது?" வாண்டு எட்டிப் பார்த்தாள். அவன் மணிக்கட்டில் விரல் வைத்தாள். முன்பெல்லாம் அவன் கன்னத்தில் ஒட்டிக்கொண்ட அதே விரல். "ஐயே, ஜில்லுன்னு இருக்கு. ஓடலையேப்பா."

வாண்டு, நான்டா. நான்.

சத்தம் வரவில்லை.

"ஓடாது, கண்ணு. அது பழசு."

"சரி பண்ணலாமா?"

அது யோசித்தது. நிஜமாகவே யோசித்தது. பிறகு தோளைக் குலுக்கியது.

"அப்புறம் பார்த்துக்கலாம்."

பெட்டியைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டது. வாண்டுவின் தலையை வருடியது. காய்த்த கட்டைவிரல் அவள் முடியில் சரசரத்தது. போகும்போது ஒரு கையால் திருகுகளை உள்ளே தள்ளி உருட்டிக்கொண்டே போனது. ஒன்று. இன்னொன்று. இன்னொன்று. கூடத்தில் எல்லாம் ஓடத் தொடங்கின.

விளக்கு அணைந்தது.

கதவு சாத்திக்கொண்டது.

இருட்டு. வாட்சுகளின் சத்தம் கூடத்தைத் தாண்டிப் போய்த் தேய்ந்தது. மனைவியின் சிரிப்பும் தேய்ந்தது. அப்புறம் எதுவும் இல்லை. மருத்துவமனைப் பெட்டி அறையில்கூட இவ்வளவு அமைதி கிடையாது. அங்கே நாடியாவது கேட்கும்.

காத்திருந்தான்.

நாடி கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நேரம் சொல்ல அங்கே எதுவும் இல்லை.

பிறகு பீரோவின் அடித்தட்டில், பழைய பசை வாசனை மெல்ல எழுந்துவர, யாரோ ஒரு பக்கத்தைப் புரட்டினார்கள். நிதானமாக. காத்திருந்து பழகியவர்கள் புரட்டுவதுபோல. மறுபடியும் ஒரு பக்கம். இடுக்கியின் சின்னஞ்சிறு சொடுக்கு.

'சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க.' பதினாறு வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகியது. இருட்டில் அவன் கை தானாகவே மேலே எழுந்தது.

பிசுபிசுத்த சில விரல்கள் அதைப் பிடித்துக்கொண்டன.