உன் பேச்சுதான்

அக்கா வீட்டுச் சாவி அடுத்த வீட்டுக் கடிகாரக்காரரிடம் இருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் வேனை விட்டு இறங்கியபோது பகல் பதினொரு மணி. வெயில் சுள்ளென்று அடித்தது. யாரும் பயப்படுகிற நேரமே இல்லை அது.

“அக்கா அடக்கம் முடிஞ்சு மூணு நாளாச்சும்மா. நாலு நாயும் வெறும் தண்ணிதான் குடிக்குது. சோறு வெச்சா முன்னால உக்காந்து பாக்குது, வாய் வைக்க மாட்டேங்குது” என்றார் அவர். “உங்க அக்கா ஏதோ ஒரு சத்தம் குடுப்பாங்க. அதைக் கேட்டாத்தான் சாப்பிடும். என்ன சத்தம்னு எனக்குத் தெரியாது. சுவத்துக்கு இந்தப் பக்கம் கேக்காது.”

சாவியை என் கையில் போட்டுவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அடக்கத்துக்கு வந்து மண் அள்ளிப் போட்டுவிட்டு, இந்த வீட்டுக்குள் கால் வைக்காமலே திரும்பிப் போனவள் நான். ஆறு வருடத்துக் கோபம். அப்போது யாரோ மதில் மேலாக விஷம் தடவிய கறியை வீசி, அக்காவின் நாய் ஒன்றைக் கொன்றிருந்தார்கள். அதன்பிறகு அவள் ஒரு சட்டம் போட்டாள். அவள் உத்தரவு இல்லாமல் எந்த நாயும் எதிலும் வாய் வைக்கக்கூடாது. மீறினால் மாடிப்படிக்குக் கீழே உள்ள சாமான் அறையில் ஒரு மணி நேரம் அடைப்பாள். அதற்கு வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள்.

இது தெரியாமல் நான் கிழவிக்கு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டேன். பிறந்ததிலிருந்தே முகத்தில் நரை, அதனால் அந்த நாய்க்குக் கிழவி என்று பெயர். அக்கா அதன் பின்கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அடைத்தாள்.

“நீ நாய் வளக்கல. ஜெயில் நடத்துற” என்றேன்.

“என் வீட்ல என் பேச்சுதான்டி” என்றாள்.

அன்று வாசலைத் தாண்டியவள்தான். நான் பல் மருத்துவமனையில் உதவியாளர். ஊரார் வாயையெல்லாம் எட்டிப் பார்க்கிறவள், கூடப் பிறந்தவளின் சொத்தைப் பல்லைப் பார்க்கவில்லை. வலிக்குக் கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டே அவள் காலத்தை ஓட்டினாளாம். அடக்கத்தன்று யாரோ சொன்னார்கள்.

கதவைத் திறந்தேன். நாலும் குரைக்கவில்லை.

சமையலறைச் சுவரோரம் நாலு தட்டுகள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு நாய். தடியன் இளைத்துப் போயிருந்தது. நொண்டி தன் மூன்று காலில் நடுங்கியது. ஒரு நிமிடம் சும்மா இருக்காத வாலு கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தது. கிழவியால் உட்காரவும் முடியவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் படுத்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தது. தரையெல்லாம் எச்சில்.

மாட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். நாய்க்கும் அவர்தான். “கிழவிக்கு இருக்கிற உடம்புக்கு இன்னிக்குச் சாயங்காலம் தாண்டறதே கஷ்டம்” என்று சொல்லிவிட்டார்.

புதிதாகச் சோறும் கறியும் பிசைந்து வைத்தோம். சாப்பிடு என்றேன், கை தட்டினேன், விசில் அடித்தேன், கரண்டியால் தட்டைத் தட்டினேன். ஊட்டிவிடப் போனால் நாலும் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பின. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்.

“லிஃப்ட்டா இருந்தா ஒரு ஒயரைப் புடிச்சு ஓட விட்டுடுவேன். இதுங்களுக்குப் பட்டன் எங்க இருக்குன்னே தெரியலையே” என்று சொல்லிவிட்டு, நாங்கள் சாப்பிட ரொட்டியும் முட்டையும் வாங்கக் கடைக்குப் போனார்.

நான் கிழவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். விலா எலும்பு கையில் தட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அக்கா, தப்பு என்மேலதான். இதுங்க செத்துடும். நீயே வந்து சொல்லிடு. இனிமே எல்லாம் உன் பேச்சுதான்” என்றேன்.

மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு கிராம்பு வாசனை வந்தது.

நாலு தலைகளும் ஒன்றாகத் திரும்பின. மேசையின் தலைமாட்டில் அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது.

நாலு வால்களும் தரையைப் பெருக்கின.

க்ளக்.

நாக்கை அண்ணத்தில் சுண்டிய சத்தம். ஒரே ஒரு தடவை.

நாலும் தட்டில் பாய்ந்தன. கிழவி படுத்தபடியே நக்கி நக்கித் தின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் பொய் சொல்லக்கூடாது, பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். அக்கா என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தவரிடம் சொன்னேன். “பட்டினியில உனக்குக் காது அடைச்சுப் போச்சு. முதல்ல சாப்பிடு” என்று தட்டை என் பக்கம் தள்ளினார்.

ரொட்டியை எடுக்கப் போனேன். கை தட்டின் விளிம்பு வரை போய் நின்றது. வலி இல்லை, மரத்துப் போகவும் இல்லை. இன்னும் நேரமாகவில்லை என்பதுபோல் நின்றது.

அவர் ஒரு வாய் கடித்துவிட்டார்.

காலித் தட்டை நக்கிக்கொண்டிருந்த நாய்கள் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தன. கிழவி மெல்லத் தலையைத் தாழ்த்திக் கண்ணை மூடிக்கொண்டது. பிஸ்கட் தின்ற அன்றும் அது இப்படித்தான் செய்தது.

“என்ன, எல்லாம் என்னையே முறைக்குது?” என்று சிரித்துக்கொண்டே கை கழுவ எழுந்து போனார்.

தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

“ஏய், விளையாடாத! திற!”

குரல் மாடிப்படிக்குக் கீழிருந்து வந்தது. ஓடினேன். இரண்டு கையாலும் இழுத்தேன், சுத்தியலால் அடித்தேன். தாழ்ப்பாள் இம்மிகூட அசையவில்லை. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களை மீட்பதுதான் அவர் தொழில். அந்த மனிதர் உள்ளே கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தார். நாய்கள் எனக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன.

சரியாக ஒரு மணி நேரம் கழித்துத் தாழ்ப்பாள் தானாக விலகியது.

“யாரோ பின்கழுத்தைப் புடிச்சு இழுத்துட்டுப் போனாங்க” என்றார், மூச்சு வாங்கியபடி. அங்கே நாலு விரல் தடம் சிவந்திருந்தது.

நாய்களை வேனில் ஏற்றினோம், வீட்டைப் பூட்டினோம். அவர் வண்டியை மிதித்த மிதியில் நாற்பது கிலோமீட்டர் பறந்து போனது. நெடுஞ்சாலையில் ஒரு ஹோட்டல் வந்தது. நல்ல கூட்டம், பாட்டு, பாத்திரச் சத்தம். எங்களுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. வேனை ஜன்னலோரம் நிறுத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தோம்.

தட்டுகள் வந்தன. பசி வயிற்றைக் கிள்ளியது. என் கை மேசைமேல் கிடந்தது. அவரைப் பார்த்தேன். அவர் கையும் மேசைமேல்தான் இருந்தது.

“என்ன சார், சாப்பாடு சரியில்லையா?” என்று கேட்டார் பரிமாறியவர்.

“இல்லப்பா... ஆறட்டும்” என்றார் அவர். கடைவாயில் எச்சில் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

ஜன்னலுக்கு வெளியே, வேனுக்குள் நாலு தலைகள் ஒன்றாக எங்கள் மேசைப் பக்கம் திரும்பின.

கிராம்பு வாசனை வந்தது.

என் காதோரம், வெதுவெதுப்பாக ஒரு மூச்சு.

க்ளக்.

இருவரும் தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தோம்.