அக்கா பின்னாடி வர்றாங்க

படகு துறையை ஒட்டி நின்ற பிறகும் டீச்சர் எழுந்திருக்கவில்லை. மூட்டு பிடித்துக்கொண்டது.

“எழுந்திரு டீச்சர், பெல் அடிச்சாச்சு,” என்றார் ஓவர்சியர்.

“அடிக்கட்டும். ரிட்டயர் ஆனவளுக்கு ஏது பெல்?”

ஓவர்சியர் அவளுடைய கணவர். பாலம், வாய்க்கால் என்று வெயிலில் நின்று வேலை வாங்கியவர். இப்போது நெஞ்சில் நீளமாக ஒரு தையல் தழும்பு. கைப்பையைத் தூக்கினாலே மூச்சு வாங்குகிறது. “இதுதான் கடைசிப் பயணம்னு வச்சுக்குங்க,” என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பியிருந்தார். எத்தனையோ காலமாக வருஷத்துக்கு ஒரு தீவு என்று போய்க்கொண்டிருந்தவர்கள். தீவுக்குத் தீவு என்ன வித்தியாசம் என்று கேட்டால் டீச்சருக்குச் சொல்லத் தெரியாது. எங்கே போனாலும் அதே நீலம், அதே வெள்ளை மணல், காயாத துண்டின் அதே வாடை.

இந்தத் தடவை அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவரும் தானுமாக, ரெண்டே பேராக, சில நாள்.

வரவேற்பில் இருந்த பெண் சிரித்த முகமாகத் தட்டை நீட்டினாள். பழச்சாறு. மூன்று டம்ளர்.

டீச்சர் ஓவர்சியரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

“இங்கேயுமா?”

“விடு. எனக்குத் தாகம்.”

தன் டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டார். முன்னெல்லாம் மூன்றாவதையும் சேர்த்துக் குடித்துவிட்டு “லாபம்தானே?” என்பார்.

முதல் தீவுக்கு மூன்று பேராகப் போவதாகத்தான் ஏற்பாடு. மூன்றாவது ஆள் ஓவர்சியரின் அக்கா. கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் தம்பியை வளர்த்தவள். தம்பிக்குக் கல்யாணமான பிறகும் அதே வீட்டில், அடுத்த அறையில் இருந்தவள். கடலையே பார்த்ததில்லை. பெட்டியில் துணியெல்லாம் அடுக்கி வைத்த பிறகு காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். காரியம் முடிந்ததும், “அவளுக்காகவாவது பாத்துட்டு வருவோம்,” என்று தம்பி கிளம்பினார். போன இடத்தில், மூன்று பேருக்குத்தான் கடலோரத்துப் பெரிய வீடு என்றார்கள்.

“அக்கா பின்னாடி வர்றாங்க,” என்று சொல்லிவிட்டார் ஓவர்சியர். பொய் சொல்கிற முகமாகவே இல்லை.

அதற்கப்புறம் எந்தத் தீவிலும் அவர் அப்படிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“துறையில ஒரு அம்மா நிக்கிறாங்களே, உங்களோட வந்தவங்களா?” என்று அடுத்த வருஷம் ஒரு படகுக்காரர் கேட்டார். இன்னொரு தீவில் தோட்டக்காரர் வந்து, “பெரியம்மாவை இடுப்பளவு தண்ணியில நிக்க விடாதீங்க. எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கறாங்க. உங்க ஜன்னலையே பாத்துட்டு நிக்கறாங்க,” என்றார். அப்புறம் மணலில். அப்புறம் வாசற்படியில்.

இவர்கள் கண்ணுக்கு மட்டும் எதுவும் தட்டுப்பட்டதில்லை.

அறையைக் காட்ட வந்த பணிப்பெண் கதவைத் திறந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

“மெதுவா வாங்கம்மா. பெரியம்மா இப்பத்தான் படுத்தாங்க.”

சுவரோரமாக மூன்றாவது கட்டில். யாரும் இல்லை. ஆனால் விரிப்பு, ஒருக்களித்துப் படுத்த உடம்பின் அளவுக்குக் குழிந்திருந்தது. தலையணை நனைந்திருந்தது.

தலையணையிலிருந்து கடல்வாடை வந்தது.

பணிப்பெண் போனதும் டீச்சர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னைக்காவது சொல்லிடுவோம். அவங்க இறந்து…”

“அந்த வார்த்தையைச் சொல்லாதே.”

எப்போதும் இதேதான். அக்கா போன நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவர் முகம் போகிற போக்கைப் பார்த்து டீச்சரும் விழுங்கிப் பழகிவிட்டாள்.

“கல்யாணமான நாள்லேர்ந்து நாம ரெண்டு பேர் மட்டும் உக்காந்து ஒரு வேளை சாப்பிட்டிருப்போமா?”

“பாவம் அவ. கடல் பாக்க ஆசைப்பட்டா.”

“கடலை எங்கே பாக்கறாங்க? உங்களைத்தானே பாக்கறாங்க. எனக்குப் பயம்கூட இல்லைங்க. அலுத்துப் போச்சு.”

ஓவர்சியர் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்திருந்தார். “காலையில போய் ரெண்டு பேர்னு சொல்லிட்டு வா. உனக்கு நிம்மதின்னா சரி,” என்று கண்ணை மூடினார்.

சுவரோரக் கட்டில் கிறீச்சிட்டது.

யாரோ இந்தப் பக்கம் திரும்பிப் படுத்த மாதிரி.

மறுநாள் அவர் எழுந்திருப்பதற்குள் டீச்சர் வரவேற்புக்கு வந்துவிட்டாள்.

“தப்பா வச்சிருக்கீங்கம்மா. நாங்க ரெண்டு பேர்தான்.”

“மூணு பேர் வந்தீங்களே?”

“ரெண்டு பேர். இனிமே எல்லாம் ரெண்டு பேருக்கே பண்ணுங்க.”

“சரிம்மா. யாரு கிளம்பறாங்க?”

டீச்சர் வாயைத் திறந்தாள். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. பழக்கதோஷம், அப்படியே உள்ளே போய்விட்டது.

“ரெண்டு பேர்னா ரெண்டு பேர். அதைப் போட்டு நோண்டிக்கிட்டு!” பின்பெஞ்சை அதட்டுகிற குரல் தானாக வந்தது.

“சரிங்கம்மா. நாங்களே பாத்துக்கறோம்.”

சாப்பாட்டுக் கூடம் முழுக்க வெயில். ஜன்னலோர மேஜையில் இரண்டே தட்டு. டீச்சருக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. ஓவர்சியர் மெதுவாக நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

“பாத்தீங்களா? ரெண்டு.”

“ஜெயிச்சுட்டே போ. டீச்சர்னா சும்மாவா?”

பரிமாறுகிறவர் டீ கொண்டுவந்தார். ஒரு கோப்பையை டீச்சர் முன்னால் வைத்தார். இன்னொன்றை, எதிரே காலியாக இருந்த நாற்காலிக்கு முன்னால் வைத்தார்.

“அண்ணே, கப்பு இந்தப் பக்கம்,” என்றார் ஓவர்சியர்.

பரிமாறுகிறவர் திரும்பவில்லை.

“அண்ணே.”

ஓவர்சியர் கையை அவர் முகத்துக்கு நேராக ஆட்டினார். “காது மந்தம்னு நினைச்சா கண்ணுமா?” என்று டீச்சரைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“பெரியம்மாவுக்குச் சர்க்கரை போடலாங்களா?” என்று டீச்சரைக் கேட்டார் பரிமாறுகிறவர்.

“இவருக்கு வைங்க முதல்ல.”

“எவருக்கும்மா?”

டீச்சர் மூட்டு வலியை மறந்து ஓடினாள்.

“மூணு பேர்! மூணு பேர்னே வச்சுக்கோம்மா!” வரவேற்பு மேஜையைப் பிடித்துக்கொண்டாள். “இல்லை, அவங்க செத்துட்டாங்க. என் நாத்தனார் செத்து எத்தனையோ வருஷமாச்சு!”

“என்னம்மா இப்படிச் சொல்றீங்க? அதோ உக்காந்திருக்காங்களே.”

“என் வீட்டுக்காரர்?”

அந்தப் பெண் அவள் கையைப் பரிவாகத் தொட்டாள்.

“நீங்களும் பெரியம்மாவும்தானேம்மா வந்தீங்க?”

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். ஓவர்சியர் அங்கேதான் இருந்தார். இவளைப் பார்த்துக் கையைத் தூக்கினார். ‘டீச்சர்’ என்று உதடு அசைந்தது.

சத்தம் வரவில்லை.

பரிமாறுகிறவர் ஓவர்சியர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்தார்.

தூக்கினார்.

எடையே இல்லாததுபோல் ஒற்றைக் கையால் கொண்டுபோய், சுவரோரம் அடுக்கியிருந்தவற்றின் மேல் கவிழ்த்து வைத்தார். நாற்காலி மட்டும்தான் இருந்தது.

டீச்சர் மேஜைக்குத் திரும்பி வந்தது எப்படி என்று அவளுக்கே தெரியாது. தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்தக்கூடத் தெம்பில்லை. கூடத்தில் யாரும் அவளைப் பார்க்கவில்லை; தட்டுகளின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

எதிர்க் கோப்பைக்குள் கரண்டி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

சர்க்கரைக் கிண்ணம் டீச்சர் பக்கமாக மெல்ல நகர்ந்து வந்தது.