அண்ணி எழுதாத கடிதம்

காலை ஐந்தரை மணிக்குக் கணவர் டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டியபோது, வீடு மாறி வந்து படுத்துவிட்டோமோ என்று அண்ணிக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அந்த மனிதர் அடுப்பைப் பற்றவைத்ததில்லை. டயர் கடையில் நாளெல்லாம் சக்கரம் கழற்றி மாட்டுகிறவர். வீட்டுக்குள் நுழைந்தால் தண்ணீர்ச் சொம்பு தானாக நடந்து வர வேண்டும். அவர் இன்று, "பரீட்சைக்குப் போறவ வெறும் வயித்தோட போகாத" என்றார். முகத்தை மட்டும் பார்க்கவில்லை. சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தார். ஆனாலும் அண்ணி கடைசிச் சொட்டு வரை குடித்தாள். கண்கூடக் கலங்கியது.

அண்ணி என்று முதலில் கூப்பிட்டது குட்டிதான், கணவரின் தங்கை. பிறகு பக்கத்து வீட்டார், காய்கறிக்காரர் என்று தொற்றி, கடைசியில் மாமனாரே "அண்ணி எங்க" என்று கேட்கும் அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் மருமகளாக வந்தபோது குட்டிக்குப் பதினொரு வயது. தாயில்லாப் பெண், தலையில் ஈரும் பேனுமாக நின்றாள். அண்ணி கையில் அப்போது கல்லூரியில் சேர்வதற்கான கடிதம் இருந்தது. "ஒரு வருஷம் போகட்டும், இவ கொஞ்சம் தேறட்டும்" என்றார்கள். ஒரு வருடம் ஏழாயிற்று. குட்டி தேறினாள், படித்தாள், ஊர்க்கோடியில் இருந்த சமுதாயக் கல்லூரியின் அலுவலகத்தில் வேலைக்கும் சேர்ந்தாள். அதற்குள் மாமனாருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. ஆறு வருடமாக அவர் கட்டிலோடு கட்டிலாகக் கிடக்கிறார். அண்ணியின் கல்லூரிக் கடிதம் எந்தப் பெட்டியின் அடியில் கிடக்கிறது என்று அவளுக்கே தெரியாது.

போன வருடம் குட்டிதான் தன் கல்லூரியின் விண்ணப்பப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். தையல், கேக், கணினி என்று பயிற்சிகள் வரிசையாக இருந்தன. அண்ணி பைப் வெல்டிங்கில் குறி போட்டாள். குட்டி விக்கல் வரும்வரை சிரித்தாள். ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடுவாள் என்று அண்ணனும் தங்கையும் கணக்குப் போட்டார்கள்.

அண்ணி திரும்பி வரவில்லை. ஒருநாள் தெருவில் உடைந்த குடிநீர்க் குழாயை ஒருவர் பள்ளத்தில் இறங்கி ஒட்டவைத்ததை அரைமணி நேரம் நின்று பார்த்தவள் அவள். அந்தக் குழாய் இன்றுவரை ஒழுகவில்லை. வீட்டில் அவள் செய்கிற எந்த வேலையும் மறுநாள் வரை நிற்பதில்லை. துலக்கிய பாத்திரம் அழுக்காகிறது, துவைத்த வேட்டி ஈரமாகிறது. செய்தால் செய்தபடி நிற்கிற ஒரு வேலையை ஆயுளில் ஒரு தடவையாவது செய்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. பெரிய ஆசை இல்லைதான். ஆனால் அது ஒன்றுதான் முழுக்க அவளுடையது.

தினமும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வகுப்பு. அந்த மூன்று மணி நேரம் பக்கத்து வீட்டு அம்மாள் மாமனாரை எட்டிப் பார்த்துக்கொள்வாள். முதல் மாதம் அண்ணி பிடித்த வெல்டிங் ராடு இரும்பைத் தொட்டதும் பிசின் போல ஒட்டிக்கொண்டது. பிடுங்கிப் பிடுங்கித் தோள்பட்டை விட்டுப்போயிற்று. வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். பையன்கள் 'அக்கா, தோசை திருப்புற மாதிரி திருப்பாதீங்க' என்று கேலி செய்தார்கள். நாலாவது மாதம் அதே பையன்கள் அவள் போட்ட இணைப்பைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். இன்றைய பரீட்சையில் தேறுகிறவர்களைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பைப் யார்டு வேலைக்கு எடுக்கிறது. திங்கட்கிழமை போனால் சனிக்கிழமைதான் வீடு. இதைச் சொன்ன அன்று கணவர் ஒன்றும் பேசவில்லை. பேசாதது சம்மதம் என்று அண்ணி எடுத்துக்கொண்டாள்.

எட்டரை மணிக்குப் பயிற்சிக்கூடத்துக்குப் போனாள். பரீட்சைக்கு முன் விட்டிருந்த மூன்று நாள் விடுமுறையில் கைக்கு வேலை இல்லாமல் விரல்கள் துறுதுறுவென்றிருந்தன. பைப்பை இறுக்கும் பன்னிரண்டு ஸ்டாண்டுகளில் பதினொன்றில் எண்கள் எழுதியிருந்தன. அவள் எண் இல்லை. மாஸ்டர் அவளைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"நீதான் விலகிட்டியேம்மா. செவ்வாய்க்கிழமையே ஆபீஸ்லேருந்து லெட்டர் வந்துருச்சே."

மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அண்ணி படித்தாள். வெல்டிங் வெளிச்சத்தால் கண்கள் பாதிக்கப்பட்டுவிட்டன, கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்துகிறது, ஆகையால் பயிற்சியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று இருந்தது. கீழே அவளுடைய கையெழுத்து. அவளே ஏமாந்துபோகும் அளவுக்கு அவளுடையது.

மணல் என்ற சொல்லை இரண்டாம் முறை படித்தாள்.

போன மாதம் ஒருநாள், பக்கத்து ஸ்டாண்டில் ஒரு பையன் தடுமாறுவதைப் பார்த்து, முகத்தை மூடும் ஷீல்டைத் தூக்கிவிட்டுக் குனிந்தாள். அந்த நேரம் பார்த்து அவன் ராடைத் தட்டினான், வெளிச்சம் அவள் கண்ணில் அடித்தது. அப்போது ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் கண் திறக்க முடியவில்லை. மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கிறது என்று அவள் சொன்னது ஒரே ஒருத்தியிடம்தான். அந்த ஒருத்தி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஈரத் துணியை மாற்றி மாற்றிப் போட்டாள். "யார்கிட்டயும் சொல்லிடாத குட்டி, ஷீல்ட திறந்தேன்னு தெரிஞ்சா மாஸ்டர் ஒரு வாரம் வெளிய நிறுத்திடுவார்" என்று அண்ணி கெஞ்சினாள். சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்று குட்டி அவள் நெற்றியில் கை வைத்தாள். கையெழுத்துக்கும் விளக்கம் வேண்டியதில்லை. ஏழு வருடம் குட்டியின் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தவள் அண்ணிதான், பக்கத்தில் நின்று பார்த்தவள் குட்டி.

மாஸ்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது உன் லெட்டர்தானா? இல்லன்னா சொல்லு, இப்பவே பிரின்சிபால்கிட்ட போவோம். ஆபீஸ்ல யாரோ விளையாடியிருக்காங்க. அவங்க வேலை போயிடும்."

அண்ணிக்குச் சொல்ல ஒரு வார்த்தை போதும். பேன் பார்த்து, தலை பின்னி, பரீட்சைக் காய்ச்சலில் கூடவே உட்கார்ந்து வளர்த்த ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்த வார்த்தைக்கு அடுத்த பக்கத்தில் நின்றது.

"என்னோடதுதான் சார்" என்றாள். "இப்ப கண்ணு சரியாயிடுச்சு."

அப்படியானால் கண் எப்படிப் பாதிக்கப்பட்டது என்று மாஸ்டர் கேட்டார். ஷீல்டைத் திறந்ததை அவள் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பதினோரு பேருக்கு நடுவில் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். எழுதாத கடிதத்துக்காக, செய்த தப்பை ஊரறியச் சொல்லி, தலைகுனிந்து நின்றாள் அண்ணி. கடைசியில் அவர், இன்னொரு கடிதம் எழுதி ஆபீஸ் சீல் வாங்கிக்கொண்டு வந்தால் உள்ளே விடுவதாகவும், பன்னிரண்டு மணிக்கு எல்லோருக்கும் சேர்த்துத்தான் மணி அடிப்பதாகவும் சொன்னார்.

அலுவலகம் ஒன்பது மணிக்குத் திறந்தது. மூன்றாவது ஜன்னலில் குட்டி. அண்ணிக்கு முன்னால் ஐந்து பேர், பின்னால் நாலு பேர். வரிசை நகர நகரக் குட்டியின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. அண்ணி தன் முறை வந்ததும் தாளை உள்ளே தள்ளினாள். 'முன்பு எழுதியபடி கண் பாதிப்பால் விலகியிருந்தேன். இப்போது குணமாகிவிட்டதால் பரீட்சை எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.'

குட்டி படித்தாள். அண்ணி தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது புரிந்ததும் உதடு கோணியது.

"அண்ணி… அண்ணன்தான் எழுதச் சொன்னாரு."

அண்ணிக்குக் காலையில் குடித்த டீ நினைவுக்கு வந்தது. பதினான்கு வருடத்தில் முதல் டீ. அதைக் குடித்துக் கண் கலங்கியதை நினைக்க அவளுக்கு அவமானமாக இருந்தது.

"அவரு ஆயிரம் சொல்லட்டும். என் கையெழுத்த யாரு போட்டா?"

"நான்தான்…" குட்டியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "நீங்க போயிட்டா அப்பாவ நான்தான் பாக்கணும். எனக்கு அவரத் தொடவே பயமா இருக்கு அண்ணி. கை நழுவி ஏதாவது ஆயிட்டா… உங்ககிட்ட இதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"சொல்ல வெக்கம். செய்ய வெக்கம் இல்ல."

பின்னால் நின்றவர் செருமினார். அண்ணி குரலை இன்னும் தாழ்த்தினாள். "உனக்காகப் படிப்ப விட்டேன். ஒருநாள்கூட அத உங்கிட்ட சொல்லிக் காட்டினதில்ல. இன்னிக்குச் சொல்றேன். இன்னொரு தடவ விட என்கிட்ட ஒண்ணும் இல்ல குட்டி. சீல் வை."

குட்டி சீலை மையில் அழுத்தினாள். முதல் சீல் பாதிதான் விழுந்தது. இரண்டாவது நன்றாக விழுந்தது.

அண்ணி ஷீல்டை மாட்டும்போது மணி ஒன்பதே முக்கால். மற்றவர்கள் முதல் சுற்றைப் பாதி முடித்திருந்தார்கள். சரிவாகத் தேய்த்த இரண்டு பைப் துண்டுகளை, நடுவில் ராடின் கம்பி கனத்துக்கு இடைவெளி விட்டு, நாலு இடத்தில் பொட்டு வைத்துப் பிடித்து, ஸ்டாண்டில் படுக்கவைத்து இறுக்கினாள். அதன்பின் பைப் அசையாது. ஆள்தான் அசைய வேண்டும். அடியில் மண்டியிட்டு ஆரம்பித்து, பக்கவாட்டில் ஏறி, உச்சியில் முடித்து, மறுபடி கீழே இறங்கி அடுத்த பக்கம் ஏற வேண்டும். முதல் சுற்றுதான் உயிர். பைப்பின் உள்பக்கம் வரை உருகி ஒட்டியிருக்கிறதா என்பது அதில்தான் இருக்கிறது. மேலே எத்தனை சுற்று அழகாகப் போட்டாலும் அதை மறைக்க முடியாது.

ராடைத் தொட்டாள். ஒட்டிக்கொண்டது. பிடுங்கினாள். மறுபடியும் ஒட்டியது, முதல் மாதம் மாதிரி. கோபம் மணிக்கட்டுக்கு வந்திருந்தது. அப்படியே குந்தி உட்கார்ந்தாள். ஷீல்டுக்குள் அழுவதில் ஒரு வசதி உண்டு, யாரும் பார்க்க முடியாது. ஒரு கஷ்டமும் உண்டு, துடைத்துக்கொள்ள முடியாது. கன்னம் முழுக்க நனைந்து, கழுத்தில் இறங்கி, தோல் அங்கியின் காலருக்குள் போகும்வரை அழுதாள். வீட்டில் படுத்திருக்கும் மனிதருக்கு ஆறு வருடம் தான் செய்ததெல்லாம் எதற்கு என்று தோன்றியது. அவர் என்ன செய்வார், பாவம் என்றும் தோன்றியது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மூன்றாவது தடவை ராடைத் தொட்டாள்.

இந்தத் தடவை பற்றிக்கொண்டது. வெளிச்சத்தின் நடுவில் ஊசித் துளை ஒன்று திறந்தது. அந்தத் துளை பெரிதாகாமலும் மூடிவிடாமலும் அதைக் கூட்டிக்கொண்டே மேலே ஏற வேண்டும். ஏறினாள். அடுத்தவர் என்ன செய்தார், ஏன் செய்தார் என்பதற்கெல்லாம் அந்தத் துளைக்குள் இடமில்லை. கசடைத் தட்டினாள், தேய்த்தாள், அடுத்த சுற்றுப் போட்டாள். மணி அடித்தபோது அவள் கடைசிச் சுற்றின் கடைசி விரற்கடையை மூடிக்கொண்டிருந்தாள்.

பிற்பகலில் இணைப்பிலிருந்து நாலு பட்டைகளை வெட்டி, இயந்திரத்தில் வைத்து லாடம் மாதிரி வளைத்தார்கள். விரிசல் கண்டால் தோல்வி. மாஸ்டர் ஒவ்வொரு பட்டையையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலாவது பட்டையை அவள் கையிலேயே கொடுத்தார். இன்னும் சூடாக இருந்தது.

"திங்கக்கிழம காலைல ஆறு மணிக்கு வண்டி வரும். ஷீல்ட திறக்காம வேல பாரு" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் வாசலிலேயே நின்றிருந்தார். குட்டி போனில் எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். அவருடைய வாதம் தயாராக இருந்தது. அவள் போய்விட்டால் வீடு என்ன ஆகும், அப்பாவை யார் பார்ப்பது, தான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, இத்தியாதி. அண்ணி செருப்பைக் கழற்றும்வரை கேட்டுக்கொண்டாள்.

"போகாதன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே" என்றாள். "நான் சண்ட போட்டிருப்பேன். நீங்களும் போட்டிருப்பீங்க. சண்ட போடக்கூட என்னை ஒரு ஆளா மதிக்கலயே நீங்க."

அவள் அவரைத் தாண்டி உள்ளே போனாள். மாமனாரின் அறையில், கதவோரம், ஆபீஸ் பையைக்கூட இறக்கி வைக்காமல் குட்டி நின்றிருந்தாள். கிழவருக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. நல்ல பக்கத்துக் கண்ணிலிருந்து நீர் காதை நோக்கி வழிந்துகொண்டிருந்தது. அண்ணியைப் பார்த்ததும் குழறிய நாக்கில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "போ… போம்மா… போ."

குட்டி ஓடிவந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள். சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் அழுததுபோல விம்மினாள். அண்ணி நின்றபடி நின்றாள். தூக்கி அணைக்க வேண்டிய கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கின.

"என்னை மன்னிச்சிட்டீங்களா அண்ணி?"

"இல்ல குட்டி" என்றாள் அண்ணி. "அதுக்கு எத்தன நாளாகும்னு எனக்கே தெரியல. ஆனா திங்கக்கிழமைக்கு ரெண்டே நாள்தான் இருக்கு. பைய வெச்சிட்டு வா."

கதவுக்கு வெளியே நின்ற கணவரையும் கட்டிலின் மறுபக்கம் வரச்சொன்னாள். அவர் வந்தார். குட்டியின் ஒரு கையைப் பிடித்து மாமனாரின் தோளுக்கு அடியில் வைத்தாள், இன்னொரு கையை இடுப்புக்குக் கீழே. குட்டியின் விரல்கள் சில்லென்று இருந்தன. இழுக்கக் கூடாது, அவர் உடம்பைத் தன் பக்கமாக உருட்ட வேண்டும், மூச்சை விட்டுக்கொண்டே உருட்ட வேண்டும் என்று சொன்னாள். குட்டி கண்ணை மூடிக்கொண்டு உருட்டினாள். கிழவர் பாதியில் சரிந்தார், கணவர் பதறிப்போய்ப் பிடித்தார், தலையணை கீழே விழுந்தது. மூவரும் அண்ணியைப் பார்த்தார்கள்.

அண்ணி கையைக் கட்டிக்கொண்டு இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள்.

"கண்ணத் தொறந்து பாத்துச் செய்" என்றாள். "மறுபடியும்."