இல்ஹாம் பார்க்கும் கேமரா

வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.20. ஜும்மா தொழுகை முடிந்து மாடியேறி வந்த சீனி முகம்மது, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து வழக்கம்போல நிமிர்ந்து பார்த்தார். அலமாரியின் மேல் இருந்த கேமராவைக் காணோம்.

இழுப்பறையில் பணம் அப்படியே இருந்தது. தங்கை நோர்மாவின் வளையல்கள் மேசையிலேயே கிடந்தன. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கேமரா மட்டும் போயிருந்தது. அதற்காகவா ஒரு மனிதர் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, முட்டி வலியோடு போலீஸ் நிலையத்துக்குப் போவார்? போனார். அங்கே சிரிக்காமல் கேட்டுக்கொண்ட ஒரே ஆள் இன்ஸ்பெக்டர் தர்ஷிகா.

மறுநாள் காலை அவள் சூலியா தெருக் கடைவீட்டின் மாடியில் நின்றாள்.

"சின்னச் சாமான்லா அது," என்றாள் நோர்மா. "ஆனா அண்ணன் நேத்திலேர்ந்து சோத்துல கை வைக்கல. அண்ணி மௌத்தாகி அடக்கமானதும் மகன் இல்ஹாம் அயர்லாந்துக்குப் போயிட்டான். போறப்ப இதை வாங்கிக் குடுத்துட்டுப் போனான். அது முன்னாடி உட்கார்ந்தாத்தான் இவருக்குச் சாப்பாடு இறங்கும். மகன்கூடச் சேர்ந்து சாப்பிடுறாராம்."

தெருவே விரல் நீட்டியது பக்கத்துக் கடை அத்தர் வியாபாரி காஜா மொய்தீனை. அந்தச் சனியனைத் தூக்கி ஒரு நாள் கடலில் போடுகிறேன் என்று ஊரெல்லாம் கேட்கச் சொன்னவராயிற்றே!

"சொன்னேன். இப்பவும் சொல்றேன்," என்று மாடிக்கே வந்து எகிறினார் காஜா. "வூட்டுக்குள்ள மெஷினை வச்சிக்கிட்டு, எவன் பார்க்கிறான்னே தெரியாம உக்காந்திருக்கிறதா? கவர்மெண்டு சட்டம் போடணும் மேடம். பார்க்கிறப்ப பார்க்கிறான்னு அந்த மெஷினே காட்டிக் குடுக்கணும். வியாழக்கிழமை டீ குடிக்கிறப்பகூட இதைத்தான் சொன்னேன்."

"யார் யார் இருந்தாங்க?"

"சீனி, நோர்மா, அவ மகன் ஹஸ்ருல்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"நோர்மா என்னை மடக்கிட்டா. இதுல அந்த வசதி இருக்கு, இல்ஹாம் பார்த்தா நீல விளக்கு எரியும், மத்த நேரம் பச்சைன்னா. சீனி வாயே தொறக்கல. ஹஸ்ருல் டீயைப் பாதியில வச்சிட்டு எழுந்து போயிட்டான்."

கீழே கைபேசிக் கடை வைத்திருப்பவன் ஹஸ்ருல். கேமராவை மாட்டியவனும் அவன்தான். மேலே வந்து தன் போனில் கடைசிப் பதிவைக் காட்டினான். நேரம் வெள்ளி பிற்பகல் 12.51. காலி நாற்காலி, அதற்குப் பின்னால் பூட்டிய கதவு. அத்தோடு படம் நின்றது.

"உள்ளே வர இந்த ஒரு கதவுதானே? வந்தவன் முகம் விழணுமே?"

"ஒயரைப் பிடுங்கியிருப்பான் மேடம்."

"பிளக் அலமாரிக்குப் பின்னால. அங்கே போறதுக்கும் கேமரா முன்னாடிதான் நடக்கணும்." நோர்மா பக்கம் திரும்பினாள். "அக்கா, கரெண்டு போச்சா?"

"இல்லையே. குக்கர்ல சோறு வச்சிட்டுப் பசாருக்குப் போனேன். வந்தப்ப நல்லா வெந்திருந்துச்சு."

"ஹஸ்ருல், நீங்க எங்க இருந்தீங்க?"

"மாமாவைப் பள்ளி வாசல்ல இறக்கிட்டு, கார் நிறுத்த இடம் தேடினேன். வெள்ளிக்கிழமைல்லா."

தர்ஷிகா பெரியவர் எதிரே குனிந்தாள். "கேமரா நின்னா மகன் போனுக்கும் தகவல் போகும். என்ன ஆச்சுன்னு கூப்பிட்டுக் கேட்டாரா?"

"அவனுக்கு அங்க வேலை ஜாஸ்தி," என்றார் சீனி முகம்மது, ஜன்னலைப் பார்த்தபடி.

தர்ஷிகாவுக்கு முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அவிழாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது. ஹஸ்ருலைத் தனியே அழைத்துப் பேசி, கேஸை மூடிவிட்டால் என்ன? ஆனால் பெரியவர் விடவில்லை.

"யாருன்னு சொல்லும்மா. காஜாவை எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கிறாங்க. அவன் என் கூட்டாளி."

"ஹஸ்ருல்தான் ஐயா," என்றாள். "யாரும் உள்ளே வராமலே படம் நின்னிருக்கு. கரெண்டும் போகல. அப்ப கேமராவைப் போன்லேர்ந்துதான் நிறுத்தியிருக்கணும். அது முடியறது ரெண்டே பேருக்கு. ஒருத்தர் அயர்லாந்துல இருக்கார். இன்னொருத்தர் நிறுத்திட்டு, அப்புறமா வந்து கழட்டியிருக்கார்."

ஏன் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. ஹஸ்ருல் கீழே போய், துணியில் சுற்றிய கேமராவோடு வந்தான். கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சிடுங்க மாமா. போன நோன்புப் பெருநாளுக்கு அப்புறம் அவன் ஒரு தடவைகூடத் தொறந்து பார்க்கல. என் போன்ல தெரியும். அம்மா நீல விளக்குன்னு சொன்னதும் பயந்துட்டேன். இனிமே நீங்க அதையே பார்த்துக்கிட்டு இருப்பீங்களேன்னு..."

"போடா கிறுக்கா," என்றார் சீனி முகம்மது. குரலில் கோபமே இல்லை. "தினம் எதிர்ல உக்காந்து சாப்பிடுறவன் நான். நீலம் எரியலைன்னு எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் மாமா ரிப்போர்ட் குடுத்தீங்க?"

"என்னைக்காவது ஒரு நாள் பார்ப்பான்லா. அன்னைக்குப் பார்த்து நாற்காலி காலியா இருக்கலாமா?"

சட்டம் பேசிய காஜா மொய்தீனே ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஹஸ்ருல் ஏறி மாட்டினான். பச்சை விளக்கு வந்தது.

நோர்மா சுடச்சுடச் சோறும் மீன் ஆணமும் கொண்டுவந்தாள். சாப்பிடாமல் போகக் கூடாது என்று தர்ஷிகாவுக்கும் ஒரு தட்டு வைத்தாள். தர்ஷிகா பெரியவருக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

சீனி முகம்மது சோற்றில் கை வைக்காமல் தயங்கினார்.

"தப்பா நினைக்காதம்மா," என்றார். "கொஞ்சம் தள்ளி உக்காரு. மறைக்குது."