பூரணி பேரில் ஒரு படம்

படத்தின் அடியில் ஒரு கொக்கி தெரிந்தது.

வட்டவளைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பின்னேரம் மூன்று மணிக்கே மூடுபனி சன்னலை அடைத்திருக்க, ஈர விறகுப் புகையும் தம்பி சின்னராசா படுத்திருந்த மூலையின் புளித்த மருந்து வாடையும் சேர்ந்து நெஞ்சைக் கரிக்க, பூரணி தன் பெயர் எழுதிய ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நாளை கொழும்பில் தன்னிடமிருந்து வெட்டித் தம்பிக்கு வைக்கப்போகும் ஈரலைத் தேடினாள். ஈரல் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் அடிவயிற்றில், வெள்ளையாய், லூப்.

பூரணிக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு, இனிக் கரு தங்காதிருக்க, லூப் வைத்துக்கொண்டவள் அக்கா நாகலெட்சுமி.

"அக்கா, கண்டியில ஸ்கேனுக்குக் காத்திருந்தப்ப, நான் வாந்தியெடுக்கப் போன நேரம் என் பேரக் கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க. மகாராணி எங்க இருந்தீங்க? நாந்தான் 'இருக்கேங்க'ன்னு போயி படுத்தேன். இல்லாட்டி பேர வெட்டிருப்பாங்கடி."

காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் அப்படித்தான். ஒருத்தி பிந்தினால் பக்கத்திலிருப்பவள் குரல் கொடுப்பாள். கணக்கப்பிள்ளைக்கு வேண்டியது சத்தம், முகமல்ல. "முடிஞ்சிருச்சு, வா" என்று அக்கா சொன்னதும், முன்னதாகத் தன் நெஞ்சுக்கு எடுத்த எக்ஸ்ரேதான் ஸ்கேன் என்று நம்பி பஸ் ஏறியிருந்தாள் பூரணி.

எவ்வளவு வெட்டுவது, அவளுக்கு எவ்வளவு மிச்சம் வைப்பது, எல்லாம் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் என்றிருந்தார் டாக்டர். மிச்சம் போதாவிட்டால் கொடுத்தவளே பிழைக்கமாட்டாளாம். அக்காள் வாசலை அடைக்கும் உடம்பு. பூரணி அதில் பாதி. அக்காளை எடைபோட்டுவிட்டுத் தங்கையை அறுக்கப் போகிறார்கள்.

"டாக்டருகிட்ட சொல்லிருவோம்க்கா."

"சொன்னா? மறுபடி மொதல்லயிருந்தா? தம்பி கண்ணப் பாத்தியா? நாளைய விட்டா நாளே இல்லன்னாங்க. வாய மூடிக்கிட்டு ஏறு."

கீழ் வளைவில் வேன் ஹாரன் அடித்தது.

இருவர் சின்னராசாவைத் தூக்கி வந்து, வேனில் பூரணியின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கதவைச் சாத்தினார்கள். பனி. டயர் நசுக்கும் சரளை. அவன் மூச்சு.

பூரணி வாய் திறந்தாள். முன் சீட்டிலிருந்து அக்கா திரும்பினாள். பார்த்தாள். அவ்வளவுதான்.

தம்பி அவள் தோளில் சரிந்தான். கண் திறக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து கை வந்தது. மஞ்சள். நகம்வரை மஞ்சள். அவள் வலது விலாவுக்குக் கீழே, ஈரலின் மேல், நின்றது. விரல்கள் விரிந்தன. அழுத்தின.

இன்னும் கொஞ்சம் அகலமாய் விரிந்தன.